ஏரி, சேரி, எண்: பழைய நிலப்படங்களை வாசிப்பது குறித்து

கிராமம் மாறிய கதையை எழுதுகிறவர்கள் நம்மிடையே பெரும்பாலும் நினைவிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஏரி நிறைந்திருந்தது, களத்துமேடு இருந்தது, மேய்ச்சல்வெளி இருந்தது, எல்லாம் போயிற்று என்கிற புலம்பல் நம் எழுத்தில் ஒரு தனி வகைமையாகவே ஆகிவிட்டது. இந்த நினைவு யாருடையது என்று கேட்டால்தான் சங்கடம். களத்துமேட்டைத் தன்னுடையது என்று நினைவுகூர்கிறவர் ஒருவர். அதே களத்தில் கூலி நெல்லுக்குக் காத்து நின்றவர் இன்னொருவர். இருவர் சொல்வதும் ஒரே ஊரைப் பற்றியதல்ல. நினைவுக்கும் சாதி உண்டு. ஆகவே நினைவுக்கு எதிரே வைத்துப் பார்க்க வேறு வகைச் சான்று ஒன்று தேவைப்படுகிறது. ஆவணக் காப்பகத்திலும், நில அளவை அலுவலகத்திலும், தாலுகா அலுவலகத்துப் பழைய பீரோக்களிலும் கிடக்கும் நிலப்படங்கள் அத்தகைய சான்று.

ஆனால் படம் பொய் சொல்லாது என்று நம்பி அதனிடம் போகிறவர் நினைவை நம்பியவரைவிட மோசமாக ஏமாறக்கூடும். வரைபட வரலாற்றாசிரியரான ஜே.பி. ஹார்லி 1980-களின் இறுதியில் எழுதிய கட்டுரைகளில், ஃபூக்கோவையும் தெரிதாவையும் துணைக்கொண்டு, வரைபடம் என்பது நிலத்தின் நிழலல்ல, அதிகாரத்தின் ஒரு சொல்லாடல் என்று காட்டினார். படத்தில் உள்ளவற்றைப் போலவே அதன் மௌனங்களும் வாசிக்கப்பட வேண்டும் என்பது அவர் வாதம். இதை நம்மூர் ஆவணங்களில் வைத்து எப்படிச் செய்வது? செங்கல்பட்டு வட்டாரத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். நவீன நில அளவையின் பல தொடக்கங்கள் அந்த மண்ணிலேயே நடந்தன என்பது ஒரு காரணம். அந்தப் படங்களின் மேல் இன்றும் வழக்குகளும் போராட்டங்களும் நடக்கின்றன என்பது இன்னொன்று.

1. சங்கிலி வந்த வழி

1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வந்தது. எவ்வளவு வரி தேறும் என்று தெரிய வேண்டும். அதற்கு ஊர்களைத் தெரிய வேண்டும். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து, படமும் பட்டியலும் தயாரித்தார். நன்செய், புன்செய், ஏரி, மலை, தோப்பு, மானியம், சாதிவாரியாக வீடுகள் எல்லாம் அதில் உண்டு. பின்னாளில் தரம்பால் இந்தத் தரவுகளைக் கொண்டுதான் காலனியத்துக்கு முந்தைய ஊர் அமைப்பைப் பற்றிய தம் வாதங்களைக் கட்டினார்.

1794-இல் சென்னையில் அளவைப் பள்ளி தொடங்கியது. இன்றைய கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் அதுதான். 1802-இல் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து, இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் மூடப்போகும் பெரும் அளவையைத் தொடங்கினார். 1858-இல் ரயத்துவாரி வரிக்காகச் சென்னை மாகாணத்தில் தனி அளவைத் துறை ஏற்பட்டது. 66 அடி நீளமுள்ள குண்டர் சங்கிலி ஒவ்வொரு வயலிலும் இறங்கியது. ஒவ்வொரு வயலுக்கும் ஓர் எண், மூலையில் கல், புலப்பட நூலில் ஒரு பக்கம். 16 அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில் கிராமப் படங்கள் வந்தன.

இந்தச் சங்கிலி எதற்காக வந்தது என்பதை மறக்காமலிருந்தால் பாதி வாசிப்பு முடிந்த மாதிரி. வரி கட்டுகிற வயலின் ஒவ்வொரு வளைவையும் அது அளந்தது. வரி கட்டாத இடத்தை ஒரே திட்டாக விட்டது.

2. திட்டுகளாக விடப்பட்டவை

கிராமப் படம் ஒன்றை விரித்துப் பாருங்கள். நன்செய் நிலம் மீன் செதில் மாதிரி நுணுக்கமாகப் பிரிந்திருக்கும். அதன் நடுவிலும் ஓரத்திலும் பெரிய பெரிய வெற்றிடங்கள். ஏரிக்கு ஓர் எண், மேய்க்காலுக்கு ஓர் எண், சுடுகாட்டுக்கு ஓர் எண், நத்தத்துக்கு ஓர் எண். இந்த வெற்றிடங்களின் பொதுப்பெயர் புறம்போக்கு. இன்று வசைச்சொல்லாகிவிட்ட இந்தச் சொல், வரிக்கணக்குக்குப் புறத்தே போனது என்பதற்கு மேல் எதையும் குறிக்கவில்லை.

வெள்ளைக்காரன் கண்டுபிடித்த பிரிவினை என்று இதைச் சொல்லிவிட முடியாது. தஞ்சைப் பெரிய கோயிலின் ராஜராஜன் கல்வெட்டுகளில் ஊர்களின் நில அளவைச் சொல்லும்போது, வரியிலிருந்து கழிக்க வேண்டியவையாக ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு, கம்மாணச்சேரி, பறைச்சேரி, தீண்டாச்சேரி எனப் பட்டியல் வருகிறது. குளமும் சுடுகாடும் மனிதர் குடியிருக்கும் சேரியும் ஒரே கழித்தல் கணக்கில்! சோழர் செப்பேடுகளில் பெண் யானையை நடத்தி எல்லை சுற்றி, கல்லும் கள்ளியும் நட்டார்கள். பிறகு தியோடலைட் வந்தது. கருவி மாறியது. ஊர்நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு என்ற பிரிப்பு அப்படியே படத்துக்குள் குடியேறியது.

விளைவு வெறும் காகிதத்தில் நிற்கவில்லை. நத்தம் ஒரே திட்டாக இருந்ததால் உள்ளே யாருக்கு எந்த மனை என்று படத்தில் இல்லை. மேல்தெருக்காரருக்கு அது பிரச்சினையில்லை. அவருக்கு வயலில் பட்டா உண்டு, மனை எங்கே என்று ஊருக்கே தெரியும். சேரியில் இருப்பவருக்கோ அந்தத் திட்டைத் தவிர வேறு எண்ணே கிடையாது. "எங்க பாட்டன் காலத்துலேருந்து இங்கதான் இருக்கோம்" என்பார்கள். இருந்ததற்குப் படம் சாட்சி சொல்லாது. சொல்லும்படி அது வரையப்படவில்லை.

3. மாறியது எது?

இரண்டு காலத்துப் படங்களை அருகருகே வைத்து, முன்பு இப்படி, இப்போது இப்படி என்று சொல்வது எளிது. ஆனால் அங்கே மாறியிருப்பது நிலமா, பார்த்த விதமா என்று ஒவ்வொரு முறையும் கேட்டாக வேண்டும்.

முதலில் அலகு. பர்னார்டு காலத்துக் கணக்கு காணியில். ஒரு காணி சுமார் 1.32 ஏக்கர். பிறகு ஏக்கரும் சென்ட்டும். 1979 முதல் 1987 வரை நடந்த, மக்கள் யு.டி.ஆர். என்று சொல்லும் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகு ஹெக்டேரும் ஏரும். மாற்றிக் கணக்கிடாமல் ஒப்பிட்டால் ஊரே சுருங்கிவிட்டதாகத் தோன்றும்.

இரண்டாவது எண். பழைய பத்திரங்களில் பைமாஷ் எண் இருக்கும், பிறகு சர்வே எண், பிறகு மறு அளவை எண், அதன்பின் உட்பிரிவுகள். ஒரே வயல் நான்கு பெயரில் வரும். இவற்றை இணைக்கும் கண்ணி பெரும்பாலும் பத்திரத்தின் நான்கெல்லை விவரத்தில், செக்குபந்தியில்தான் கிடைக்கும். எண் அழித்த வயல் பெயர்களும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன.

மூன்றாவது பருவம். கிராமப் படத்தில் ஏரி என்பது தண்ணீர் நிற்கும் இடமல்ல, ஏரிப் புறம்போக்கின் எல்லை. தண்ணீர் வற்றி, உள்வாயில் வீடு வந்து, சாலை வந்த பிறகும் படத்தில் ஏரி நீலமாகவே இருக்கும். மே மாதத்துச் செயற்கைக்கோள் படத்திலோ, நன்றாக உள்ள ஏரிகூட வெறும் திடலாகத் தெரியும். இரண்டையும் ஒப்பிட்டு 'ஏரி அழிந்தது' என்று எழுதுவது அவசரம்.

நான்காவது, இரு படங்களுக்கிடையே நடந்தவை. பர்னார்டின் அளவைக்கும் 1790-களின் லயனல் பிளேஸ் காலத்துப் பதிவுகளுக்கும் நடுவே 1780-இல் ஹைதர் அலியின் படையெடுப்பு இருக்கிறது. ஊர்கள் எரிந்தன, மக்கள் ஓடினார்கள், பஞ்சம் வந்தது. இது தெரியாதவர் இரண்டு புள்ளிகளை நேர்கோட்டால் இணைத்து 'படிப்படியான மாற்றம்' என்பார். 1876-78 பஞ்சத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

இந்த நான்கையும் கடந்து மிஞ்சுவதைத்தான் மாற்றம் என்று சொல்லலாம்.

4. படத்தில் இல்லாத நிலம்

படம் தனியாகப் பேசாது என்பதற்குப் பஞ்சமி நிலத்தைவிட வலுவான உதாரணம் இல்லை. செங்கல்பட்டின் பொறுப்பு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல் பறையர் மக்களின் நிலை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். தரிசு நிலத்துக்கு அவர்கள் தர்க்காஸ்து போட்டால் மிராசுதாரர்களின் முன்னுரிமை குறுக்கே நின்றது. குடியிருக்கும் மனைகூட மிராசுதாரர் தயவில் இருந்தது. இதன் தொடர்ச்சியாக 1892-இல் வந்த அரசாணையின்படி நிபந்தனையோடு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. முதல் 10 ஆண்டு விற்கக்கூடாது; அதன்பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்கே விற்கலாம்; மீறினால் அரசு எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுவதும் இப்படி வழங்கப்பட்டது 12 லட்சம் ஏக்கர் என்பது இயக்கங்கள் சொல்லிவரும் கணக்கு.

இந்த நிலம் கிராமப் படத்தில் தனி நிறத்தில் இருக்காது. மற்ற வயல்களைப் போல அதுவும் ஓர் எண். அது பஞ்சமி என்று சொல்வது பழைய நிலவரிப் பதிவேட்டின் குறிப்புக் கலத்தில் உள்ள ஒரு சின்னக் குறிப்பு. அடுத்த பதிவேட்டுக்கு நகலெடுக்கும்போது அந்தக் குறிப்பு விழுந்துபோனால் நிலம் சத்தமில்லாமல் சாதாரணப் பட்டா நிலமாகிவிடுகிறது. யு.டி.ஆர். திட்டத்தில் இது பெருமளவில் நடந்தது என்பது இயக்கங்களின் குற்றச்சாட்டு. ஆகவே தேடுகிறவர் செய்ய வேண்டியது இது: பழைய பதிவேட்டில் குறிப்புள்ள எண்களைத் திரட்டுவது, பழைய கிராமப் படத்தில் அவற்றை வண்ணமிடுவது, புலப்படத்தைக் கொண்டு இன்றைய எண்ணோடு பொருத்துவது, இன்றைய 'அ' பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பது. கடைசியில் நிலத்தில் போய் நின்று பார்ப்பது. 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு நகல் கேட்டு வாங்க ஒரு வழியாவது இருக்கிறது.

இது ஆய்வாளர்களின் பொழுதுபோக்கு அல்ல. காரணைப் பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தையொட்டி 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிரிழந்தார்கள். ஒரு பதிவேட்டின் குறிப்புக் கலம் அவ்வளவு கனமானது.

5. எந்த ஆண்டின் படம் நியாயம்?

இங்கே நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. பழைய படத்தைக் காட்டி 'அப்போது இப்படி இருந்தது, ஆகவே இப்படித்தான் இருக்க வேண்டும்' என்று வாதிடுகிறோம். எந்த 'அப்போது'? பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுக்க மிராசுதாரர்களும் இதே வாதத்தைத்தான் வைத்தார்கள். தொன்றுதொட்ட உரிமை என்று அவர்கள் சொன்னதை 1818-இல் எல்லிஸ் நூலாகவே தொகுத்துக் கொடுத்தார். இந்தப் 'பழமை' கம்பெனி அதிகாரிகளும் உள்ளூர் ஆதிக்க சக்திகளும் பேசிப்பேசி உருவாக்கியது என்பதை யூஜின் இர்ஷிக் 1994-இல் வெளியான தம் நூலில் விவாதித்திருக்கிறார்.

ஏரி ஆக்கிரமிப்பைப் பாருங்கள். 2007-இல் தமிழ்நாட்டில் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டம் வந்தது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு எல்லோர் கையிலும் பழைய ஏரிப் படங்கள். ஏரியைக் காப்பாற்ற வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. ஆனால் படத்தை விரித்ததும் முதலில் இடிபடுவது எது? மனைப்பட்டா கிடைக்காமல் ஏரிக்கரையில் ஒதுங்கியவரின் குடிசை. முன்பு சென்னையின் மேற்கே மாம்பலம் வரை நீண்டு கிடந்த பெரிய ஏரி 1920-களில் தூர்க்கப்பட்டுத் தியாகராய நகர் ஆனது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்பதில்லை. அரசே திட்டமிட்டு, படத்தைத் திருத்திவிட்டுச் செய்ததால் அது நகரம். படத்தைத் திருத்த முடிந்தவர் குடியேறியவர் ஆகிறார், திருத்த முடியாதவர் ஆக்கிரமிப்பாளர் ஆகிறார். ஏரியை மீட்கச் சொல்லி எழுதுகிறவர்கள், அந்தக் குடிசைக்காரருக்கு ஊர் ஏன் மனை தரவில்லை என்பதையும் அதே படத்திலிருந்து எழுத வேண்டும். இரண்டும் ஒரே படத்தில்தான் இருக்கின்றன.

பழைய படத்தை நீதிபதியாக உட்கார வைக்கக்கூடாது. கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். உன்னை வரைந்தது யார், யார் செலவில், என்ன வசூலிக்க? உன் சங்கிலியைப் பிடித்தவர் யார், எல்லை எது என்று கைகாட்டியவர் யார்? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அளவையாளருக்கு எல்லை காட்டியவர்கள் மணியக்காரரும் கர்ணமும். சேரிக்காரர் சொல்லுக்கு அங்கே இடம் குறைவு.

இப்போது காட்டலாம். கிராமப் படத்தின் நகலை எடுத்துக்கொண்டு, ஆடு மேய்த்த பாட்டியோடும், மதகு திறந்த தோட்டியோடும், நடவுக்குப் போன பெண்களோடும் ஊரைச் சுற்றி நடந்தால், அந்த வெற்றுத் திட்டுகளுக்குள் பெயர்கள் வரத் தொடங்கும். எந்தப் பாதையில் அவர்கள் போகக்கூடாது என்றிருந்தது, எந்தத் துறையில் தண்ணீர் மறுக்கப்பட்டது, எந்த மேய்க்கால் எந்த வருஷம் யாருடைய சவுக்குத் தோப்பானது, எல்லாம் வரும். அவற்றையும் நினைவு என்றே கொண்டு, பதிவேட்டோடு வைத்துச் சரிபார்க்க வேண்டும், சலுகை கிடையாது. சரிபார்த்தபின் நகலிலேயே குறித்துவிடுங்கள், யார் சொன்னது, எந்தத் தேதியில் என்பதோடு. அடுத்த அளவைக்காரர் வரும்போது எல்லை காட்ட அந்தத் தாள் கையில் இருக்க வேண்டும்.