மழைக்காலத்து மணப்பந்தல்

வன்னி நாட்டிற்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. மார்கழியில் மணவினை நிகழ்த்தாதோர் ஐப்பசியையும் கார்த்திகையையும் விலக்குவதில்லை. மழையும் அம்மாதங்களை விடுவதில்லை. 2024 நவம்பர் இறுதியில், பின்னர் பெங்கால் புயலாகிய தாழமுக்கம் வடமாகாணத்தின் பல ஊர்களை வெள்ளத்தில் ஆழ்த்தியது.

அக்கராயனில் முகூர்த்தம் வைப்போர் வானத்தை நோக்குமுன் குளத்தை நோக்குதல் வேண்டும். குளம் நிரம்பி வான் பாயுமாயின் தாழ்ந்த பாதைகள் மறையும். தாலியும் கூறைச் சேலையும் மாப்பிள்ளை வீட்டாருடனேயே வருவன. முகூர்த்த வேளையோ காத்திராது. ஆதலின் அவர்களை முதல்நாளே அழைத்துத் தங்கவைத்தல் நன்று.

தறப்பாளைத் தட்டையாகக் கட்டினால் நீர் தேங்கி, அதன் பாரத்தால் பந்தலே சாயும். பழைய கிடுகுப் பந்தலின் சரிவு வெறும் அலங்காரமா, என்ன! பந்தலைச் சுற்றி வாய்க்கால் வெட்டி, சமையற் கொட்டிலை மேட்டில் அமைத்து, விறகை முன்கூட்டியே கூரையின்கீழ் அடுக்கிவிட வேண்டும். ஈர விறகு புகையும், உலை கொதியாது.