ஈ6, ஈ7 புரதங்கள்

ஈ6, ஈ7 என்பன மனித பாப்பிலோமா வைரசு உருவாக்கும் இரு புரதங்கள் ஆகும். இவ்வைரசின் தீவாய்ப்பு மிக்க வகைகளில், இவை ஓம்புயிரின் உயிரணுப் பிரிவுக் கட்டுப்பாட்டைக் குலைத்து, அடங்கியிருக்க வேண்டிய மரபணுக்களை இயக்குகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோய் தோன்றுவதற்கு இது முதன்மைக் காரணமாகும். இவற்றுள் 16ஆம் வகை வைரசை எரால்ட் சூர் அவுசன் குழுவினர் 1983இல் கண்டறிந்தனர். அவருக்கு 2008இல் மருத்துவ நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது.

தேவை

இவ்வைரசின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 8,000 கார இணைகள் மட்டுமே கொண்டது. டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதி இதனிடம் இல்லை. எனவே பிரிவை நிறுத்திக்கொண்ட தோல் உயிரணுவை மீண்டும் பிரியும் நிலைக்குத் தள்ளினால்தான் இதனால் பெருக முடியும். புற்றுநோய் வைரசின் நோக்கமன்று, அம்முயற்சியின் பக்கவிளைவே.

செயற்படும் முறை

இயல்பான உயிரணுவில் ஆர்பி என்னும் புரதம் ஈ2எஃப் என்னும் படியெடுத்தல் காரணியைப் பிடித்து வைத்திருக்கும். ஈ7 ஆர்பியுடன் பிணைந்து அதனைச் சிதைவுறச் செய்கிறது. விடுபட்ட ஈ2எஃப், சைக்ளின் போன்ற பிரிவுக்குரிய மரபணுக்களை இயக்குகிறது.

இத்தகைய முறைகேட்டை உணரும் பி53 புரதம் வழக்கமாக உயிரணுவைத் தற்கொலைக்கு உட்படுத்தும். ஈ6 உயிரணுவின் சொந்த நொதி ஒன்றைத் துணைக்கொண்டு பி53ஐ அழிக்கிறது. மேலும் டெலோமரேசு மரபணுவைத் தூண்டி, உயிரணு வரம்பின்றிப் பிரிய வழிசெய்கிறது.

தொற்றிலிருந்து புற்றுநோய்

வைரசின் ஈ2 புரதம் ஈ6, ஈ7 உற்பத்தியை அளவோடு வைத்திருக்கும். வைரசின் டி.என்.ஏ. மனித நிறப்புரியில் செருகப்படும்போது ஈ2 மரபணு பெரும்பாலும் அறுபடுகிறது, உற்பத்தி கட்டுமீறுகிறது. எனினும் பெரும்பாலான தொற்றுகள் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே நீங்கிவிடும். நீங்காதவை புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். இந்த இடைவெளியே தடுப்புக்கான வாய்ப்பாகும்.

தமிழ்நாட்டில்

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 அகவை வரையுள்ள பெண்களுக்குப் பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிச் சோதித்தனர். மிகையாகப் பிரியும் உயிரணுக்கள் அடர்ந்த பகுதி இதனால் வெண்மையாகத் தெரியும். அத்தகையோருள் தேவைப்பட்டவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சை அளிக்கப்பட்டது. 2007இல் லான்செட் இதழில் வெளியான முடிவுகளின்படி, ஒப்பீட்டுக் குழுவைவிடச் சோதனைக் குழுவில் நோய் 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. ஆய்வகம் தேவைப்படாத இச்சோதனை, பெருநகர் மருத்துவமனைகளுக்குத் தொலைவிலுள்ள விழுப்புரம், திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களைப் போன்ற இடங்களுக்கும் ஏற்றதாகும்.

தொற்றையே தடுக்கும் தடுப்பூசி 2006 முதல் பயன்பாட்டில் உள்ளது. அது முன்பே ஏற்பட்ட தொற்றை நீக்காது. ஆகவே தடுப்பூசி இட்டுக்கொண்டவர்களுக்கும் பிற்காலச் சோதனை தேவை.