கயிறு ஏன் திருப்பி இழுக்கிறது?

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியது. பொழுது விடிந்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. சாலையில் ஒரு சைக்கிள் போவதற்குக்கூட மரத்தை அறுத்து நகர்த்தியாக வேண்டும். ஊருக்கு ஊர் மரம் அறுக்கும் மெஷின் ‘டர்ர்ர்’ரென்று அலறியது அப்போதுதான்.

அந்த அலறலுக்கு முன்னால் ஒரு மல்யுத்தம் நடக்கும். கவனித்திருக்கிறீர்களா? மெஷின்காரர் அதைத் தரையில் வைப்பார். பின்பிடிக்குள் கால்நுனியை நுழைத்து மிதித்துக்கொண்டு, கயிற்றைச் சுண்டி இழுப்பார். ஒருமுறை, இருமுறை, சில நாள் பத்து முறை! நடுவில் கயிறு ‘வெடுக்’கென்று அவர் கையையே உள்ளே இழுக்கும். அந்த எஞ்சினின் சிலிண்டர் கொள்ளளவோ சுமார் 50 மில்லி. அரை டம்ளர் காப்பிகூடப் பிடிக்காது. அதற்கு இத்தனை முரட்டுத்தனம் எங்கிருந்து வந்தது?

மெஷினை நீங்கள் தொட வேண்டாம். அது பெரியவர்கள் சமாசாரம், அதிலும் பழகிய பெரியவர்கள். மருந்துக்கடையில் ஊசி இல்லாத புது சிரிஞ்ச் ஒன்று, 10 மில்லி, வாங்குங்கள். தண்டை 10 வரை இழுத்து, முனையை விரலால் அடைத்து அமுக்குங்கள். 5 வரை சுலபமாகப் போகும். 3-க்கு வரும்போது பெருவிரல் முனகும். 1 வரை கொண்டுபோனவர்கள் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்! கையை எடுத்தால் தண்டு பின்னால் துள்ளும். மெஷின்காரர் கையை இழுத்தது இதே துள்ளல்தான்.

காற்றின் இடத்தைப் பாதியாக்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. பத்தில் ஒன்றாக்கினால் பத்து மடங்கு. ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதி இது. மெஷினின் கயிற்றை இழுத்தால் சக்கரம் சுற்றி, சிரிஞ்சின் தண்டைப்போலப் பிஸ்டன் மேலேறி, காற்றையும் பெட்ரோல் ஆவியையும் நசுக்கும். நல்ல எஞ்சினில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 10 கிலோ அழுத்தம் வரும். பிஸ்டனின் தலை 15 சதுர சென்டிமீட்டர் என்றால் மொத்தம் 150 கிலோ. மூன்று சிமென்ட் மூட்டை!

மூன்று மூட்டையை ஒரு கை எப்படித் தள்ளுகிறது? மேடு வருகிறதென்றால் சைக்கிளை முன்னாலேயே வேகமாக மிதிப்போமே, அதே உபாயம். கயிற்றை மெல்ல இழுத்து, தடுக்கும் இடம் தெரிந்ததும் ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். கனமான சக்கரம் அந்த வேகத்தில் மேட்டைத் தாண்டிவிடும். சக்கரத்தில் ஒரு காந்தமும் உண்டு. அது கம்பிச்சுருளை விரைந்து கடந்தால்தான் பிளக்கில் பொறி பறக்கும். பேட்டரி கிடையாது. ஆகவே மெதுவாக இழுப்பவருக்குக் கைவலிதான் மிச்சம்.

மறுபடியும் சிரிஞ்சை எடுங்கள். முனையை அடைத்த விரலைத் துளி தளர்த்தி அமுக்கினால் ‘புஸ்’ஸென்று தண்டு இறங்கும். சில மெஷின்களில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கிவிட்டு இழுத்தால் கொஞ்சம் காற்று கசிந்து, கயிறு இளகும். எஞ்சினுக்குள் பெட்ரோல் ஆவி வெடித்ததும் அந்த அழுத்தமே பொத்தானை வெளியே தள்ளி அடைத்துவிடும். பழைய புல்லட் வைத்திருக்கும் தாத்தாவைக் கேளுங்கள். உதைப்பதற்குமுன் கைப்பிடியில் ஒரு குட்டி நெம்புகோலை அமுக்குவார். அதுவும் இதே வேலைதான்.

இப்போது சிரிஞ்ச் நிறையத் தண்ணீர். அடைத்து அமுக்கினால்? ஒரு கோடுகூட நகராது. திரவம் நசுங்க மறுக்கும். காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைப் போட்டபடி இழுத்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் உள்ளே சேர்ந்துவிடும். பிளக் நனைந்து பொறி வராது. நிறையவே தேங்கினால் கயிறும் நட்டநடுவில் நின்றுவிடும். அங்கே முறுக்கிக்கொண்டு இழுப்பவர் கயிற்றை அறுத்துக்கொள்வார்.

விவரம் தெரிந்தவர் பிளக்கைக் கழற்றுவார், ஒயரை எட்ட ஒதுக்கிவிட்டு; பெட்ரோலுக்குப் பக்கத்தில் பொறி பறக்கக் கூடாதல்லவா? பிறகு கயிற்றை இழுத்துப் பார்ப்பார். அப்போதும் அசையவில்லை என்றால் காற்றின்மேல் பழி போட முடியாது. கயிற்றைச் சுருட்டும் வில் உடைந்திருக்கலாம். அல்லது பெட்ரோலில் டூ-டி ஆயில் கலக்க மறந்து, பிஸ்டன் உரசிச் சிலிண்டரோடு இறுகியிருக்கலாம். லிட்டருக்கு 20 மில்லி ஆயிலை மறந்ததற்கு அது பெரிய செலவு.

கயிறு லேசாக வந்தால் அவர் முகம் மலரும். பிளக் இருந்த ஓட்டை வழியே பெட்ரோல் தெறிக்கும். இன்னும் நாலு இழுப்பு இழுத்தால் வெறும் காற்று மட்டும் புஸ், புஸ் என்று வரும். பிளக்கைத் துடைத்து, காயவைத்து, மாட்டி, சோக்கை எடுத்துவிட்டு ஒரு வெட்டு.

டர்ர்ர்!