அளவுமானியும் அத்தாட்சிப் பத்திரமும்

2005 மார்ச் 23 அன்று, அமெரிக்காவின் டெக்சாஸ் சிட்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பாலையில், 170 அடி உயரக் கோபுரமொன்றினுள் திரவம் 150 அடிக்கும் மேலாக ஏறி நின்றபோது, அதன் மட்டத்தை அறிவிக்க வேண்டிய சென்சார் எட்டடிக்கும் குறைவாகக் காட்டியதோடு, அதுவும் மெல்ல இறங்கி வருவதாகக் கட்டுப்பாட்டறைக்குச் சமாசாரம் அனுப்பிற்று. பொங்கி வழிந்த திரவத்தின் ஆவி தீப்பற்றி வெடித்ததில் 15 பேர் மாண்டனர். அக்கருவி பழுதாகி ஓய்ந்திருக்கவில்லை. பல்லாண்டுகளுக்கு முந்தைய விவரத்தாளைக் கொண்டு காலிபிரேஷன் (அளவுத்திருத்தம்) செய்யப்பட்டிருந்தது, அவ்வளவே. ஓய்ந்த கருவியை எவரும் சந்தேகிப்பர். உற்சாகமாய்ப் பொய்யுரைக்கும் கருவியைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்?

ஆகவே, காலிபிரேஷன் ஆயிற்றென்று கருவியின்மேல் ஒட்டிய சிறு சீட்டோடு திருப்தியடையாமல், அதற்கான அத்தாட்சிப் பத்திரத்தையே கேட்டு வாங்கி, அதிலுள்ள வரிசை எண் கருவியில் பொறித்த எண்ணோடு பொருந்துகிறதா, ஆலையில் அது நித்தம் இயங்கும் அளவெல்லையிலேதான் சோதிக்கப்பட்டதா, திருத்துமுன் இருந்த பிழை எவ்வளவு, ஒப்பிட்ட மூலக்கருவி புதுதில்லித் தேசிய பௌதிக ஆய்வுக்கூடத்தின் பிரமாணத்தைப் போன்ற ஒன்றோடு இடையறாத் தொடர்புடையதா என்று பார்ப்பது அவசியம். பரிசோதனைச்சாலைக்கு என்.ஏ.பி.எல். என்னும் தேசிய வாரியத்தின் அங்கீகாரம் உண்டென்பதும் போதாது. வெப்பமானிக்குப் பெற்ற அங்கீகாரம் அழுத்தமானிக்குச் செல்லாது. மறு சோதனை எப்போது என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஆலை நிர்வாகமே. செலவைக் குறைக்க விரும்புவோர் முதலில் கைவைக்கும் இடமும் அதுதான்.

இந்தியாவில், போபால் விஷவாயு விபத்துக்குப் பின் 1987-இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டபோது, அபாயகரமான செயல்முறைகள் நடக்கும் ஆலைகளில் உயிருக்கு உடனடி ஆபத்து நேருமென்று நியாயமாக அஞ்சும் தொழிலாளர், நேராகவோ பாதுகாப்புக் குழுவின் மூலமாகவோ நிர்வாகத்துக்கும், கூடவே அரசாங்க ஆய்வாளருக்கும் அறிவிக்கும் உரிமையும், பாதுகாப்பு விவரங்களைக் கேட்டுப் பெறும் உரிமையும் பெற்றனர். 2020-ஆம் ஆண்டின் பணிப்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவ்வுரிமைகள் இடம்பெற்றுள்ளன. ஆனால், மீட்டர் தப்பு என்று வாய்மொழியாகச் சொல்லிவிட்டுப் போவதால் பயனில்லை. கருவியின் எண், அது காட்டிய அளவு, பக்கத்துக் கருவி காட்டிய அளவு, நேரம் ஆகியவற்றை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தைப் பிரதியில் வாங்கி வைத்துக்கொண்டால், பிற்பாடு விசாரணை வரும்போது தமக்குத் தெரியாதென்று சொல்ல எந்த அதிகாரிக்கும் இடமிராது.