சேர்த்தலும் காத்தலும்

தமிழ்நாட்டின் கடைவீதிகளில் 'ஜெராக்ஸ்' என்னும் பெயர்ப்பலகையைக் காணாதார் அரியர். அது தொழிலின் பெயர் அன்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில், ராச்செஸ்டர் என்னும் நகரில் வளர்ந்த ஒரு நிறுவனத்தின் பெயர். 1959-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் வெளியிட்ட படியெடுக்கும் பொறி எங்கும் பரவிற்று, செல்வமும் குவிந்தது.

அந்நகரத்துக் கறுப்பின மக்களுக்கோ நல்ல வேலைகளின் கதவு பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. 1964-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் அங்கே பெருங்கலகம் மூண்டது. நிறுவனத் தலைவர் ஜோசப் வில்சன், 'இது நமக்கென்ன?' என்று ஒதுங்கினாரில்லை. அம்மக்களின் தலைவர்களோடு அமர்ந்து பேசினார். 1968-இல் அவரும், அவருக்குப்பின் பொறுப்பேற்ற பீட்டர் மக்கலோவும், கறுப்பினத்தாரை மிகுதியாகச் சேர்க்குமாறு மேலாளர் அனைவர்க்கும் மடல் விடுத்தனர்.

சேர்ப்பது ஒன்று, சேர்ந்தவரை நிலைக்கச் செய்வது வேறொன்று. விற்பனையாளரின் வருவாய் விற்பனையைப் பொறுத்தது. விற்பனையோ அவருக்கு ஒதுக்கப்பெறும் வட்டாரத்தைப் பொறுத்தது. பெரிய அலுவலகங்கள் நிறைந்த வட்டாரங்கள் வெள்ளையர்க்கே சென்றன எனக் கறுப்பின விற்பனையாளர் கண்டனர். களர்நிலத்தைக் கொடுத்துவிட்டு, விளைச்சல் குறைவென்று உழவனைப் பழிப்பதை ஒக்கும் இது. 1970-ஆம் ஆண்டை ஒட்டி அவர்கள் சங்கங்களாகக் கூடினர். மேலிடத்தாரிடம் முறையிட்டதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. மாலை வேளைகளில் வீடுகளில் கூடி, மூத்தோர் இளையோர்க்கு விற்பனை நுணுக்கங்களைக் கற்பித்தனர். வேறெவரும் சொல்லித்தராத அலுவலக வழக்கங்களையும் விளக்கினர். நிறுவனமும் இச்சங்கங்களை ஒடுக்காமல் அவற்றோடு பேசிற்று. பணியாளர் சங்கம் என்றதுமே முகஞ்சுளிக்கும் முதலாளிகள் நடுவே இது சிறிய செய்தியன்று.

1980-ஆம் ஆண்டுக் கோடைக்காலத்தில் அர்சுலா பர்ன்ஸ் என்னும் கறுப்பின மாணவி அங்கே பயிற்சிக்கு வந்தார். பனாமா நாட்டிலிருந்து குடியேறிய தாய், நியூயார்க் நகரின் ஏழையர் குடியிருப்பில் அவரை வளர்த்தார். மகள் பொறியியல் பயின்று, அந்நிறுவனத்திலேயே பணியேற்றார். 1989-இல் ஒரு கூட்டத்தில், 'பல இனத்தாரையும் சேர்ப்பதால் தகுதி தாழாதோ?' என ஒருவர் வினவ, வேலண்டு ஹிக்ஸ் என்னும் உயர் அலுவலர் பொறுமையாக விடை கூறினார். அத்தகைய வினாவைப் பொருட்படுத்தி மதிப்பளித்தது ஏன் என்று பர்ன்ஸ் அவையிலேயே சினந்து கேட்டார். வேறிடமாயின் அன்றோடு அவர் வளர்ச்சி முடிந்திருக்கும். ஹிக்ஸ், பேசிய முறையைக் கடிந்துகொண்டார். ஆயினும் அவரை அடிக்கடி அழைத்துப் பேசி, மறு ஆண்டே தம் உதவியாளராக அமர்த்திக்கொண்டார். பின்னர் நிறுவனத் தலைவர் பால் அலேரும் அவ்வாறே செய்தார். பெரிய முடிவுகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதைப் பர்ன்ஸ் அருகிருந்தே கண்டார்.

2000-ஆம் ஆண்டில் நிறுவனம் நொடித்துப்போகும் நிலையை எய்தியது. பர்ன்ஸும் விலகத் துணிந்தார். உடன் பணியாற்றியோர் வற்புறுத்தவே தங்கினார். 2009-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தலைமைச் செயல் அலுவலராகப் பொறுப்பேற்றார். அமெரிக்காவின் முதல் ஐந்நூறு நிறுவனங்களுள் ஒன்றுக்குத் தலைமை தாங்கிய முதல் கறுப்பினப் பெண்மணி அவரே.