கடைசல் இயந்திரத்தின் முன்னால் ஒரு தோட்டக்காரப் பிள்ளை

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த பெரியவர் ஒருவரைச் சந்தித்தோம். செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்தவர். பேரன் சாதாரண தரம் முடித்துவிட்டு, கடைசல் வேலை படிக்கப் போவதாக நிற்கிறான். "காணியை விட்டால் ஆர் பாதர் தோட்டம் செய்யிறது? இரும்பு கடையப் போறவன் மண்ணுக்குத் திரும்புவானோ?" என்றார். இக்கேள்வியைப் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம்.

உங்கள் நீரிறைக்கும் இயந்திரத்தையே பாருங்கள். அதன் அச்சுத்தண்டில் 25 மில்லிமீற்றர் உள்விட்டமுள்ள பெயாரிங் இருக்கிறதென்று வைப்போம். தண்டு 0.1 மி.மீ. தேய்ந்தாலே, அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பளவு தேய்ந்தாலே, பெயாரிங் அதை இறுகப் பிடிக்காது. உள்வளையம் தண்டின்மேல் வழுக்கிச் சுழன்று இன்னும் தின்னும். பட்டறையில் ஒட்டி நிரப்பிக் கடைந்து தருவார்கள். அளவாகக் கடைந்தால் பல போகம் ஓடும். கண்மட்டத்தில் கடைந்தால் விரைவில் மீண்டும் பட்டறைதான்.

இந்த அளவைக் கைக்குப் பழக்குவதே படிப்பு. பெரும்பாலும் அரத்துடன்தான் தொடக்கம். உருக்குத் துண்டொன்றை நாற்புறமும் மட்டமாக, செங்கோணமாக வரும்வரை அராவ வேண்டும். கை கொப்பளிக்கும். இங்கேதான் சில பிள்ளைகள் மனம் விடுகிறார்கள். மண்வெட்டி பிடித்தவர்கள் அவ்வளவாக விடுவதில்லை. அடுத்து வேணியர் இடுக்கிமானி. 49 மி.மீ. நீளம் 50 பிரிவுகளாக்கப்பட்ட கருவியில் 0.02 மி.மீ. வரை வாசிக்கலாம். பிறகே கடைசல் இயந்திரம். வெட்டும் அலகை 0.1 மி.மீ. உள்ளே செலுத்தினால் விட்டம் 0.2 மி.மீ. குறையும், ஏனெனில் சுற்றிவரப் போகிறது. புதியவர்கள் இதை மறந்து துண்டைக் கெடுப்பார்கள். கடைந்த சூட்டோடு அளந்தாலும் பிழைக்கும். சூட்டில் உருக்கு விரிந்திருக்கும். நீளக்கைச் சட்டை, சங்கிலி எதுவும் ஆகாது. செபமாலையையும் கழற்றி வைக்கத்தான் வேண்டும், பாவமில்லை.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016 இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் இயந்திரத் தொழில்களைக் கற்கலாம். தேசிய தொழிற்றகைமையின் 4 ஆம் மட்டம்வரை சான்றிதழ். 5 ஆம், 6 ஆம் மட்டங்கள் டிப்ளோமா. சான்றிதழின்றிப் பட்டறையில் உழைத்தவர்களும் தம் திறமையை மதிப்பிடச் செய்து இதே தகைமையைப் பெற வழியுண்டு. இதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள்.

காணியைக் கேட்பது உங்கள் உரிமை. அதை விடச் சொல்ல நாம் யார்? ஆனால் பிள்ளையின் 17 வயது காணிக்காகக் காத்து நிற்காது. காணி கிடைத்தாலும் அங்கே இயந்திரம் பழுதாகத்தான் போகிறது.

சில மாதங்களின் பின் அதே வீட்டுக்குப் போனோம். பெரியவர் பழைய பம்பியின் தண்டொன்றைச் சாக்கிலிருந்து எடுத்துப் பேரனிடம் கொடுத்தார். அவன் துடைத்து, மூன்று இடத்தில் அளந்தான். "24.84, அப்பப்பா. 0.16 தேய்ஞ்சு போச்சு" என்றான். பெரியவர் தண்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"பேத்தியையும் எடுப்பினமோ, பாதர்?" என்று கேட்டார்.

எடுப்பார்கள்.