ஆட்குறைப்புக்குப் பின் மறுபணி உரிமை: கரும்பாலைத் தொழிலாளரை முன்வைத்து ஒரு விளக்கம்

முன்னுரை

கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே இயங்கி வருகிறது. அதே மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றும் உண்டு. சர்க்கரை ஆலை என்பது ஆண்டு முழுவதும் ஒரே அளவில் ஆள் தேவைப்படும் தொழிற்சாலை அன்று. அரவை தொடங்கும்போது ஆள் கூடுதலாகத் தேவைப்படுகிறது. அரவை முடிந்ததும் அத்தேவை குறைகிறது. மழை பொய்த்த ஆண்டில் கரும்பு வரத்துக் குறைந்தால் அரவை நாட்களும் சுருங்குகின்றன. எனவே, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரை ஆலை அடுத்த முறை ஆள் எடுக்கும்போது முதலில் அழைக்க வேண்டுமா என்னும் வினா, இப்பகுதிகளில் பல குடும்பங்களின் வருவாயோடு நேரடியாகத் தொடர்புடையது. இக்கட்டுரை எந்தவொரு தனி ஆலையின் நடைமுறையையும் மதிப்பிட முற்படவில்லை. அவ்வினாவுக்குச் சட்டமும் தீர்ப்புகளும் தரும் விடையை மட்டும் விளக்குகிறது.

சொற்குழப்பம்

தமிழ் நாளிதழ்கள் பணிநீக்கம், ஆட்குறைப்பு, வேலைநீக்கம், லே-ஆஃப் ஆகிய சொற்களை ஒரே பொருளில் ஆள்கின்றன. சட்டத்தில் இவை ஒன்றல்ல. 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தின்படி, மூலப்பொருள் தட்டுப்பாடு, மின்வெட்டு, எந்திரப் பழுது போன்ற காரணங்களால் வேலை தர இயலாத நிலையே லே-ஆஃப். அந்நிலையில் தொழிலாளியின் பெயர் வருகைப் பதிவேட்டிலேயே இருக்கும், பணியுறவு அறுபடுவதில்லை. தகுதியுடையோருக்கு அடிப்படை ஊதியம், அகவிலைப்படி இரண்டின் கூட்டுத்தொகையில் பாதி இழப்பீடாகக் கிடைக்கும். ஆட்குறைப்பு என்பதோ, ஒழுங்கு நடவடிக்கையாக அல்லாமல் வேறு காரணத்தால் பணியுறவையே முடித்துவிடுவது. மறுபணி என்னும் பேச்சு இந்த இரண்டாம் நிலைக்கே பொருந்தும். லே-ஆஃபில் இருப்பவர் 'மீண்டும் சேர்க்கப்பட' வேண்டியதில்லை. அவர் ஏற்கெனவே பணியாளரே.

'வேறு காரணம்' என்பதன் எல்லை எது? சென்னை உயர்நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற பாரத ஸ்டேட் வங்கி எதிர் சுந்தரமணி வழக்கில் (1976) நீதிபதி வி. ஆர். கிருஷ்ண ஐயர் அதனை மிக விரிவாகப் பொருள் கொண்டார். சில நாட்களுக்கென்றே வழங்கப்பட்ட பணி, நியமன ஆணையில் குறித்த நாளில் தானாக முடிந்தாலும் அது ஆட்குறைப்பே என்றார். முதலாளிகள் தரப்பை இது கலங்கச் செய்தது. 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் 2(ஓஓ)(பிபி) என்னும் விலக்கைச் சேர்த்து, ஒப்பந்தக் காலம் முடிவதால் நேரும் பணிமுடிவை ஆட்குறைப்பிலிருந்து வெளியே எடுத்தது. கரும்பாலைத் தொழிலாளரின் நிலையைப் பெரிதும் மாற்றியது இந்தத் திருத்தமே.

25-எச் பிரிவு

1953-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்த 25-ஜி பிரிவு, கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் குறைக்க வேண்டும் என்கிறது. அதன் மறுபக்கமே 25-எச். முதலாளி மீண்டும் ஆள் எடுக்க முனைந்தால், ஆட்குறைப்புக்கு உள்ளான இந்தியக் குடிமக்களுக்கு வாய்ப்பளிக்க வேண்டும். முன்வருவோருக்குப் பிறரைவிட முன்னுரிமை உண்டு. இதற்குக் கால வரம்பு எதுவும் அப்பிரிவில் இல்லை. 1957-ஆம் ஆண்டு மத்திய விதிகளின் 78-ஆம் விதி நடைமுறையைச் சொல்கிறது: காலியிடங்களை நிரப்புவதற்குக் குறைந்தது பத்து நாட்கள் முன்னதாக அறிவிப்புப் பலகையில் விவரம் இட வேண்டும், தகுதியுள்ள ஒவ்வொருவருக்கும் பதிவஞ்சலில் தெரிவிக்க வேண்டும். வேலை தேடி ஊர் மாறியவரைப் பழைய முகவரிக்குச் செல்லும் பதிவஞ்சல் எட்டுவது அரிது என்பதை விதி எழுதியோர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஆட்குறைப்பு இழப்பீட்டுக்கு ஓராண்டுத் தொடர்பணி, அதாவது 240 நாட்கள், தேவை. மறுபணி முன்னுரிமைக்கும் அது தேவையா? தேவையில்லை என்றது சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியா எதிர் சத்யம் தீர்ப்பு (1996). ஆறு மாதம் மட்டுமே உழைத்தவரும் 25-எச் பிரிவின் வட்டத்துக்குள் வரலாம். ஆயினும், உரிமையை இவ்வளவு விரிவாக ஏற்ற அதே நீதிமன்றம், கோரிக்கை காலம் தாழ்த்தி வந்தமையால் அவ்வழக்கின் தொழிலாளருக்கு நிவாரணம் தர மறுத்தது. உரிமை இருப்பதை அறியாதவருக்கு அவ்வுரிமை காலாவதியாகிவிடுகிறது.

எல்லைகள் இன்னும் சில உண்டு. ஆலையே மூடப்பட்டால் 25-எச் பயன்படாது. மூடலுக்குரிய பிரிவுகள் இழப்பீட்டுக்காக மட்டுமே ஆட்குறைப்பைப் போன்றதாகக் கருதச் சொல்கின்றன என்பது மாருதி உத்யோக் எதிர் ராம்லால் தீர்ப்பின் (2005) சாரம். ஏற்கெனவே பணியில் உள்ள தற்காலிகப் பணியாளரை நிரந்தரமாக்குவதும் 'புதிதாக ஆள் எடுத்தல்' ஆகாது என 2019-இல் பராரா கூட்டுறவுச் சங்க வழக்கில் தீர்ப்பானது.

அரவைப் பருவமும் மொரிண்டா தீர்ப்பும்

பருவகால நிறுவனங்களுக்கு லே-ஆஃப் இழப்பீட்டுப் பிரிவுகள் பொருந்தா. ஒரு நிறுவனம் பருவகாலத் தன்மையுடையதா என்னும் ஐயம் எழுந்தால் அரசின் முடிவே இறுதியானது. ஆனால் அந்த விலக்கு 25-எச் பிரிவைத் தொடவில்லை. எனவே ஆலை தன் நிரந்தரப் பணியாளரைக் குறைத்துப் பின்னர் ஆள் எடுத்தால், அவர்களின் முன்னுரிமையில் ஐயமில்லை.

சிக்கல் பருவத் தொழிலாளரிடமே எழுகிறது. பஞ்சாபின் மொரிண்டா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை எதிர் ராம் கிஷன் வழக்கில் (1995), அரவை முடிவில் பணி நிற்பது மேற்சொன்ன (பிபி) விலக்கில் அடங்குவதால் ஆட்குறைப்பு ஆகாது என உச்சநீதிமன்றம் கூறியது. இத்துடன் நின்றிருந்தால் தொழிலாளர் தரப்பில் எதுவும் எஞ்சியிராது. நீதிமன்றமோ ஒரு கட்டளையையும் சேர்த்தது: பருவத்தில் உழைத்தவர்களின் பதிவேடு ஒன்றை ஆலை பேண வேண்டும், புதிய பருவம் தொடங்கும்போது அவர்கள் வாழும் அண்டை ஊர்களில் அறிவிப்பு வெளியிட வேண்டும், வருவோரை மூப்பு, வேலைத் தேவை ஆகியவற்றின்படி அமர்த்த வேண்டும். 25-எச் பெயரளவில் நுழையாத இடத்தில் அதன் உள்ளீடு நுழைந்துவிட்டது எனலாம். பதிவஞ்சலை நம்பும் 78-ஆம் விதியைவிட, ஊருக்கே சென்று அறிவிக்கச் சொல்லும் இக்கட்டளை தொழிலாளரின் வாழ்நிலையை நன்கு அறிந்தது. 1997-இல் மகாராஷ்டிரத்தின் கிருஷ்ணா கூட்டுறவு ஆலை வழக்கும் மொரிண்டாவையே பின்பற்றியது. ஆனால் இவை அந்தந்த வழக்கின் தரப்பினருக்கு இட்ட கட்டளைகள். பதிவேடு பேணுவது எல்லா ஆலைகளுக்கும் உரிய சட்டக் கடமையாக எழுதப்படவில்லை.

2020 தொகுப்பின் ஓராண்டு

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழிலுறவுத் தொகுப்பு 2020, பழைய 25-எச் பிரிவின் சொற்களைப் பெரும்பாலும் அப்படியே 72-ஆம் பிரிவில் வைத்துள்ளது. ஒரு தொடர் மட்டும் புதிது: ஆட்குறைப்பு நடந்த ஓராண்டுக்குள் ஆள் எடுக்க முனைந்தால் மட்டுமே முன்னுரிமை. வரையறுத்த காலப் பணி முடிவதும் ஆட்குறைப்பு ஆகாது எனத் தொகுப்பு தெளிவாகச் சொல்கிறது. பிரான்சின் தொழிலாளர் சட்டத்திலும் மறுபணி முன்னுரிமை ஓராண்டுக்குரியதே. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1982-ஆம் ஆண்டு 166-ஆம் பரிந்துரை கால அளவை அந்தந்த நாட்டுக்கே விட்டுள்ளது.

பொதுவான ஆலைக்கு ஓராண்டு போதுமானதாக இருக்கலாம். கரும்புக்கு அது போதாது. நட்ட கரும்பு வெட்டுக்கு வர ஏறத்தாழ பத்து முதல் பன்னிரண்டு மாதங்கள் ஆகும். மழையின்றிக் கரும்பு குறைந்த ஒரு பருவத்தின் முடிவில், ஏப்ரலில், ஆட்குறைப்பு நடக்கிறது எனக் கொள்வோம். அவ்வாண்டு வடகிழக்குப் பருவமழை நன்கு பெய்து, நடவு தையில் நடந்தால், அக்கரும்பு அரவைக்கு வருவது அடுத்த ஆண்டின் இறுதியில். ஆலை மீண்டும் ஆள் தேடும் அந்நாளில் 72-ஆம் பிரிவின் ஓராண்டு முடிந்து பல மாதங்கள் கடந்திருக்கும்.